சம்பந்தி வீட்டுக்கு இத்தாலி பிஸ்கட்

எதையும் அளந்து செய்கிறவர்களைச் சமையலறைக்குள் விடக் கூடாது. கண்ணளவில் உப்புப் போடுகிறவர்கள் ஒரு சிட்டிகை கூடப் போடுவார்கள், இல்லை குறைத்துப் போடுவார்கள். சாப்பிடுகிறவர் முகத்தைச் சுளித்துவிட்டு மோர் ஊற்றிக்கொள்வார். அளந்து செய்கிறவன் தப்புச் செய்தால் அந்தத் தப்பும் கிராம் சுத்தமாக, ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் வித்தியாசமில்லாமல், எல்லா இடத்திலும் சமமாகப் பரவியிருக்கும். தப்பிக்க ஒரு மூலைகூடக் கிடைக்காது. இதை நான் எங்கும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அரியலூரில் என் சம்பந்தி வீட்டு ஹாலில், கிறிஸ்துமஸ் அன்று, ஒரு குடும்பமே என் கண்ணெதிரில் மென்று விழுங்கியதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

நான் ஆலத்தியூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். வீடு பெரம்பலூரில். சூளைக்குப் போகிற கலவையில் எது கூடியிருக்கிறது, எது குறைந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. வீட்டிலும் அதே ஆள்தான். பனியன்களைக்கூட வாங்கிய வரிசைப்படி அடுக்கி வைப்பேன். தினமும் நாட்குறிப்பு எழுதுவேன். (என் மனைவி அமுதா அதைப் படிப்பதில்லை. "ஒரு தடவ நடந்ததே போதும், அத வேற படிக்கணுமா" என்பாள்.)

எங்கள் மகள் தேன்மொழி, கூடப் படித்த அருளைக் கல்யாணம் செய்துகொண்டாள். அருளின் அப்பா அந்தோணிராஜ் அரியலூரில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். கல்யாணத்தில் அவருக்கும் இஷ்டமில்லை, எனக்கும் இஷ்டமில்லை. காரணம் இரண்டு பக்கமும் ஒன்றுதான்; இரண்டு பக்கமும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. பதிவு அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்தில் நின்று சாட்சிக் கையெழுத்துப் போட்டோம். பேனாவை அவர் என்னிடம் நீட்டினார். அதுதான் எங்களுக்குள் நடந்த பெரிய பேச்சுவார்த்தை.

அதற்குப் பிறகு தேன்மொழி எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவர்தான் காரில் கொண்டுவந்து விடுவார். ஆனால் தெருமுனையோடு சரி. அமுதா காபி டம்ளரோடு ஓடுவாள். "கடையில ஆளில்லீங்க, இன்னொரு நாளைக்கு" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிவிடுவார். அமுதா அதே டம்ளரோடு திரும்பி வருவாள். அந்தக் காபியை நான்தான் குடிப்பேன். தேன்மொழி பையை வைத்துவிட்டு நேராகக் குளிக்கப் போய்விடுவாள். தண்ணீர்ச் சத்தம் ரொம்ப நேரம் கேட்கும். அந்த மனிதர் எப்படியாவது ஒரு தடவை படியேறி வந்து எங்கள் வீட்டில் உட்கார வேண்டும் என்று எனக்கு ஒரு வெறியே வந்துவிட்டது.

அந்த வருஷம் டிசம்பரில் தேன்மொழி போனில் பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாள். அவள் மாமனாரின் அக்கா, சிஸ்டர் பிலோமினா, இத்தாலியில் ஒரு முதியோர் இல்லத்தில் கன்னியாஸ்திரியாக இருக்கிறார். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு யார் கையிலாவது ஒரு டப்பா பாதாம் பிஸ்கட் கொடுத்தனுப்புவாராம். அந்த ஊர்ப் பழைய பண்டம். மைதா கிடையாது, வெண்ணெய் கிடையாது. பாதாம், சர்க்கரை, முட்டையின் வெள்ளைக்கரு, அவ்வளவுதான். இந்த வருஷம் அங்கிருந்து வருகிறவர் யாரும் இல்லை. "அக்கா பிஸ்கட் இல்லாம என்ன கிறிஸ்துமஸ்" என்று மாமனார் பெருமூச்சு விட்டாராம்.

நான் உடனே முடிவு செய்துவிட்டேன்.

"சாமி, பேக்கரியில ரெண்டு கிலோ கேக் வாங்கிட்டுப் போனாப் போதாதா?" என்றாள் அமுதா.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அமுதா என்னைச் சாமி என்று கூப்பிட்டது பக்தியால் இல்லை. நான் அப்போது சபரிமலைக்கு மாலை போட்டிருந்தேன். மாலை போட்டவரை மனைவியே ஆனாலும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். (திட்டும்போதும் சாமிதான். "சாமிக்கு அறிவிருக்கா?" என்று அவள் கேட்கும்போது மரியாதைக்கு ஒரு குறைவும் இருக்காது.) மாலை போட்ட வீட்டில் கறி, மீன், முட்டை எதுவும் நுழையக் கூடாது. நான் செய்யப் புறப்பட்டதோ முட்டையில்லாமல் உருண்டைகூடப் பிடிக்க முடியாத ஒரு பண்டம். வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்திலேயே கையைக் கழுவியிருப்பார்கள்.

சிஸ்டருக்கு வாட்ஸப்பில் பேசினேன். அவருக்கு ஒரே சந்தோஷம். பாதாமைத் தோலுரித்துக் காயவைத்து அரைப்பது, வெள்ளைக்கருவை நுரைக்க அடிப்பது, உருட்டிச் சர்க்கரையில் புரட்டி மெல்லிய சூட்டில் சுடுவது எல்லாம் விளக்கினார். நான் எழுதிக்கொண்டேன். கடைசியில், "பாதாமோட கசப்பு பாதாமும் ஒரு பிடி சேப்போம். அந்தக் கசப்புதான் இதோட உயிரே. அங்க கெடைக்காது, விட்டுடுங்க. அது இல்லாமலும் நல்லாத்தான் இருக்கும்" என்றார்.

"யார் கைப்பிடி சிஸ்டர்?"

"என்னங்க?"

"ஒரு பிடின்னீங்களே. உங்க கையா, என் கையா?"

சிஸ்டர் பக்கத்தில் யாரிடமோ இத்தாலி மொழியில் ஏதோ சொன்னார். பிறகு, "உங்க கைன்னே வச்சுக்கங்க" என்றார்.

'விட்டுடுங்க' என்று அவர் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. ஆனால் பட்டியலில் இருக்கும் ஒரு பொருளை விட்டுவிடுவது என் ரத்தத்தில் இல்லை. மறுநாள் பெரம்பலூரில் நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். கசப்பு பாதாம் என்ற பேரையே கடைக்காரர் கேள்விப்பட்டதில்லை. "சாமிக்குக் கசப்புதான வேணும்? நெலவேம்புப் பொடி இருக்கு, இன்னைக்குத்தான் இடிச்சு வந்துச்சு" என்றார்.

நிலவேம்பு, காய்ச்சல் வந்தால் கஷாயம் வைத்துக் குடிப்போமே, அதேதான். அந்த நேரத்தில் என் புத்தி எப்படிப் போயிற்று என்று சொன்னால் ஆலையில் வேலை பார்ப்பவர்களுக்குப் புரியும். சுண்ணாம்புக் கல்லில் இரும்புச் சத்து குறைந்தால் நாங்கள் சூளையை நிறுத்திவிட்டு உட்கார்ந்து அழுவதில்லை. இரும்புச் சத்துள்ள செம்பாறைக் கல்லைத் தேவையான அளவு சேர்த்துச் சரிக்கட்டுவோம். சத்து எந்தக் கல்லிலிருந்து வந்தால் என்ன? அதே மாதிரி, கலவையில் கசப்பு குறைகிறது. கசப்பு எதிலிருந்து வந்தால் என்ன? வீட்டுக்கு வந்து என் கையால் ஒரு பிடி பாதாம் அள்ளி நிறுத்தேன். அதே எடைக்கு நிலவேம்புப் பொடியை நிறுத்து ஒரு பொட்டலம் கட்டினேன். எவ்வளவு இரும்பு எந்தக் கல்லில் இருக்கிறது என்று பார்க்காமல் ஒரு கைப்பிடிகூடக் கலவையில் சேர்க்காத ஆள், இதில் எவ்வளவு கசப்பு இருக்கிறது என்று பார்க்கவே இல்லை. ஒரு துளி நாக்கில் வைத்திருந்தால் போதும்.

அமுதாவும் நானும் உட்கார்ந்து பாதாமை வெந்நீரில் ஊறவைத்து உரித்தோம். வழுக்கிக்கொண்டு ஒன்றிரண்டு சாமி படத்தின் மேல் போய் விழுந்தது. மிக்ஸியில் அரைத்து, சலித்து, சலித்ததை மறுபடி சலித்தேன். "சிமெண்டுக்குக்கூட இவ்ளோ பாக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு அமுதா படுக்கப் போய்விட்டாள்.

எங்கள் வீட்டில் பிஸ்கட் சுடுகிற ஓவனும் கிடையாது, முட்டையும் கூடாது. அதனால் பழக்கமான பேக்கரிக் கடை காதர் பாயைப் பிடித்தேன். கிறிஸ்துமஸ் கேக் அடுக்கடுக்காகச் சுட்டுக்கொண்டிருந்த நேரம். காலை ரொட்டி இறங்கியதும் அடுப்பில் மெல்லிய சூடு மிச்சமிருக்கும், அப்போது வாங்க என்றார். கறுப்பு வேட்டியும் மாலையுமாக நான் போய் நின்றதும் பாய்க்குக் கவலையாகிவிட்டது.

"சாமி, முட்டைய நான் பாத்துக்கறேன். நீங்க கொல்லப்பக்கம் நின்னு அங்கிட்டு திரும்பிக்கங்க. பாவம் எனக்கு வேணாம்."

நான் பின்வாசலில் தெருவைப் பார்த்து நின்றுகொண்டேன். பாய் உள்ளேயிருந்து நேர்முக வர்ணனை கொடுத்தார். நுரை வந்துவிட்டது என்றார். எவ்வளவு கெட்டி என்று கேட்டேன். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது என்றார். கவிழ்த்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"சாமி, வேணும்னா என் தலைக்கு மேல கவுத்துக் காட்டறேன். ஆனா நீங்க திரும்பக் கூடாதுல்ல?"

பாதாம் மாவையும் சர்க்கரையையும் முதுகுக்குப் பின்னால் கை நீட்டிக் கொடுத்தேன். கடைசியாகப் பொட்டலத்தைக் கொடுத்தேன். உள்ளே காகிதம் பிரிக்கிற சத்தம் கேட்டது.

"இது என்ன சாமி, பச்சையா இருக்கு? வாசனையே பித்தத்த எறக்குதே."

கசப்பு பாதாமுக்குப் பதில் என்று விளக்கினேன். செம்பாறைக் கல் கணக்கையும் சொன்னேன். பாய் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்க்கட்டுமா என்றார். அந்தத் துளி அன்றைக்கு அவர் நாக்குக்குப் போயிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஆனால் நான் அப்போது விரத நினைப்பில் இருந்தவன். சாமிக்குப் படைக்கிற பொங்கலை வெந்ததா என்று பார்க்கக்கூட எங்கள் வீட்டில் வாயில் வைப்பதில்லை. சம்பந்தி வீட்டுக்குப் போகிற பண்டமும் எனக்கு அப்படித்தான் தோன்றியது.

"படையல யாராவது ருசி பாப்பாங்களா பாய்?" என்றேன்.

பாய் மரியாதையாகக் கையைக் கழுவிக்கொண்டார்.

நானும் சாப்பிட முடியாது, முட்டை. அமுதாவும் முடியாது; வீட்டுக்காரர் மாலை போட்டால் வீட்டுக்காரிக்கும் விரதம்தான். ஆக, பிஸ்கட் அடுப்பிலிருந்து வந்து டப்பாவில் ஏறி அரியலூர் போகிற வரைக்கும் உலகத்தில் ஒருவருடைய நாக்கும் அதைத் தொடவில்லை. பார்ப்பதற்கு அற்புதமாக இருந்தது. மேலே சிஸ்டர் சொன்னபடியே வெடிப்பு விட்டிருந்தது. எங்கள் சூளையிலிருந்து உருண்டை உருண்டையாக விழும் சிமென்ட் கட்டி நன்றாக வெந்திருந்தால் இப்படித்தான் இருக்கும். அன்றைய நாட்குறிப்பில், 'பணி பூர்த்தி. தரம் திருப்தி' என்று எழுதியிருக்கிறேன்.

கிறிஸ்துமஸ் அன்று காலையில் பஸ் ஏறினோம். டப்பாவை மடியிலிருந்து இறக்கவே இல்லை. சம்பந்தி வாசலில் நின்று "வாங்க" என்றார், வேறு பேச்சில்லை. ஹாலில் குடில் ஜோடித்து, சின்ன விளக்குகள் போட்டிருந்தார்கள். சொந்தக்காரர்கள் நிறையப் பேர். எங்களைப் பார்த்ததும் பேச்சு கொஞ்சம் அடங்கியது. தேன்மொழி புதுப் புடவையில் எல்லாருக்கும் காபி கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். உடனே மாமனாரைப் பார்த்தாள்.

சம்பந்தியம்மா லூர்து மேரி அமுதாவைச் சமையல்கட்டுக்குக் கூட்டிப்போனார். திரும்பி வந்த அமுதாவின் முகம் ஒரு மாதிரி இருந்தது. என் காதில் சொன்னாள். அந்த வீட்டில் காலையிலிருந்து பிரியாணி வேகிறது. ஆனால் கொல்லைப்பக்கம் தனியாக ஒரு அடுப்பு வைத்து, மாலை போட்ட எனக்காகச் சாம்பார், கூட்டு, பாயசம் நடக்கிறது. கரண்டி முதல் குண்டான் வரைக்கும் புதுசு. எதிலும் கறி படக் கூடாது என்று சம்பந்தியே கடையிலிருந்து லேபிள்கூடப் பிரிக்காமல் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். "மொகத்த மட்டுந்தான் அப்படி வச்சிருக்காரு" என்றாள் அமுதா.

இதற்கு என்னிடமும் ஒரு பதில் மரியாதை இருக்கிறது என்ற பெருமையோடு எழுந்து டப்பாவைச் சம்பந்தியிடம் நீட்டினேன். மூடியைத் திறந்தவர் அப்படியே நின்றார். "அக்கா பிஸ்கட்டு" என்றார். ஹாலே எழுந்து வந்து எட்டிப் பார்த்தது. அருள் உடனே இத்தாலிக்கு வீடியோவில் கூப்பிட்டு, போனைக் குடிலுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தான். சிஸ்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

"கொஞ்சம் பச்சையாத் தெரியுதே, போன் கோளாறா?" என்றார்.

தேன்மொழி தட்டில் அடுக்கிக்கொண்டு வந்தாள். முதலில் மாமனார். அவர் ஒன்றை எடுத்துப் பாதியைக் கடித்தார். இரண்டு மெல்லு மென்றார். தாடை நின்றது. கண் மட்டும் மெதுவாக என் பக்கம் வந்தது, பிறகு தட்டோடு நிற்கிற மருமகள் பக்கம் போனது. அவள், பரீட்சை முடிவு பார்க்கிற பெண் மாதிரி நின்றுகொண்டிருந்தாள். தாடை மறுபடி அசையத் தொடங்கியது. மீதிப் பாதியையும் வாயில் போட்டுக்கொண்டார்.

வீட்டுப் பெரியவர் முழுசாகத் தின்றுவிட்டார் என்றால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? ஒவ்வொருவராக எடுத்தார்கள், கடித்தார்கள், நின்றார்கள், பெரியவரைப் பார்த்தார்கள், விழுங்கினார்கள். அப்படி ஒரு அமைதியை நான் எந்தப் பந்தியிலும் பார்த்ததில்லை. லூர்து மேரி அம்மாவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாத்தனார் ஞாபகம் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு பெரியவர் நெஞ்சைத் தடவிக்கொண்டார். மனசு நெகிழ்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அமுதாவை ஒரு பார்வை பார்த்தேன், இதுக்குப் போய்க் கேக் வாங்கச் சொன்னாயே என்கிற மாதிரி.

அப்போது போனிலிருந்து சிஸ்டர் கேட்டார், கசப்பு பாதாமுக்கு என்ன செய்தீர்கள் என்று. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து நின்று விளக்கினேன். சுண்ணாம்புக் கல், இரும்புச் சத்து, செம்பாறை, நிலவேம்பு, என் கைப்பிடி, சம எடை. ஒன்றையும் விடவில்லை.

அதற்குள் தேன்மொழி கடைசி பிஸ்கட்டுகளில் ஒன்றை எடுத்துக் கடித்திருந்தாள். பெற்ற பெண்ணுக்கு அப்பனிடம் என்ன மரியாதை வேண்டியிருக்கிறது? அப்படியே முந்தானையில் துப்பினாள்.

"அப்பா, என்னப்பா இது..."

முந்தானையை வாயோடு அழுத்திக்கொண்டாள். கசப்பினால் மட்டும் இல்லை. அந்த ஹால் முழுக்க அவள் புகுந்த வீட்டு மனிதர்கள். எல்லாருடைய வாயிலும் அவள் பிறந்த வீட்டுச் சீர். அவள் கண் நிறைவதைப் பார்த்த பிறகுதான் நான் மற்ற முகங்களையும் ஒழுங்காகப் பார்த்தேன். ஒருவர்கூட நெகிழ்ந்துபோய் உட்கார்ந்திருக்கவில்லை. எல்லாரும் தண்ணீர்ச் செம்பு எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார்கள். என் கால்கள் பஸ் ஸ்டாண்டு எந்தப் பக்கம் என்று யோசிக்க ஆரம்பித்தன.

அந்தோணிராஜ் செம்பை எடுத்து ஒரு வாய் குடித்தார். உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

"சம்பந்தி" என்றார். அதுவரைக்கும் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. "ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க. இத சாப்பாட்டுக்கு முன்னாடி சாப்புடணுமா, பின்னாடி சாப்புடணுமா?"

முதலில் சிரித்தது இத்தாலியில். சிஸ்டர் சிரித்த சிரிப்பில் அவர் போன் கவிழ்ந்து வெறும் கூரை தெரிந்தது. பிறகு ஹால் மொத்தமும் சிரித்தது. தேன்மொழி முந்தானையை வாயில் வைத்தபடியே சிரித்தாள். நெஞ்சைத் தடவிய பெரியவர் தன் வாயுத் தொல்லைக்கு வீட்டுக்கு இரண்டு எடுத்துப் போகலாமா என்று நிஜமாகவே கேட்டார்.

சிரிப்பு அடங்கியதும் சம்பந்தி ஒரு பிஸ்கட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். மாலை, முட்டை என்று கழுத்தைத் தொட்டுக் காட்டினேன்.

"அதான பாத்தேன். எப்ப கழட்டுவீங்க?"

பொங்கலுக்கு முன்னால் மலைக்குப் போய் வந்துவிடுவேன் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, அதைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு நான் புதுத் தட்டில், புதுக் கரண்டியில், அவர் பரிமாறிய சாம்பாரைச் சாப்பிட்டேன். அதில் உப்பு, புளி எல்லாம் சரியாக இருந்ததைச் சொல்லியே ஆக வேண்டும்.

மாட்டுப் பொங்கலன்று கார் தெருமுனையில் நிற்கவில்லை. நேராக எங்கள் வாசலுக்கு வந்து நின்றது. அமுதா பழக்கத்தில் டம்ளரோடு ஓடினாள். "உள்ள வந்து குடிக்கறேம்மா" என்று சொல்லிக்கொண்டு அவர் இறங்கினார். செருப்பைக் கழற்றினார், ஹாலில் உட்கார்ந்தார், காபியைச் சொட்டு விடாமல் குடித்தார். தேன்மொழி சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் அவர் சட்டைப் பையில் கையை விட்டார்.

"கழட்டியாச்சுல்ல?"

நான் வாங்கிக் கடித்தேன். எத்தனை நாள் ஆனாலும் அது கெட்டுப்போகவில்லை. எந்தப் பூச்சியும் அதன் பக்கத்தில் போயிருக்காது. கசப்பு முதலில் நாக்கில் இல்லை, காதுக்குப் பின்னால் ஏறியது. அங்கிருந்து இறங்கித் தொண்டையில் உட்கார்ந்துகொண்டது. மறுநாள் குடித்த தண்ணீரும் கசந்தது. முழுசும் தின்னும் வரைக்கும் அவர் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நாங்க அன்னைக்கு மொகம் சுளிக்கல" என்று மட்டும் சொன்னார்.

அதோடு விட்டாரா? சாப்பிட இலை போட்டு, குழம்பு, பொரியல் எல்லாம் பரிமாறிய பிறகும் கையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். கறி ஆறுகிறது என்று அமுதா பதறினாள். "சம்பந்தி மொதல்ல ஒரு வாய் சாப்புடட்டும்" என்றார். சாப்பிட்டேன். கொஞ்ச நேரம் என்னை உற்றுப் பார்த்து, ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் சோற்றைப் பிசைந்தார். அன்றைக்கு மூன்று தடவை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அது அப்படியே எங்கள் இரண்டு வீட்டுக்கும் சட்டமாகிவிட்டது. அவர்கள் பெரம்பலூர் வந்தாலும், நாங்கள் அரியலூர் போகும்போது ஏதாவது கொண்டுபோனாலும், நான் எல்லாருக்கும் எதிரில் முதல் வாய் சாப்பிட்டுக் காட்ட வேண்டும். கடையில் வாங்கிய மிக்சர் பொட்டலத்துக்கும் விலக்குக் கிடையாது. மாலை போட்டிருக்கிற நாட்களில் தேன்மொழி எனக்குப் பதிலாள்.

போன மாதம் பேத்தியின் பிறந்தநாளுக்கு எல்லாரும் எங்கள் வீட்டில் கூடினோம். அவளுக்கு இன்னும் பேச்சுத் திருந்தவில்லை, மழலைதான். அமுதா ஒரு லட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். குழந்தை அதை வாய்வரைக்கும் கொண்டுபோய், நிறுத்தி, நடந்து வந்து என் வாய்க்கு நேராக நீட்டினாள்.

"தாத்தா மொதல்ல."

சம்பந்தி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருடைய தோள் மட்டும் குலுங்கியது.